நாலாவது பட்டை

வண்டியை இறுக்கிக் கட்டும் நாலாவது பட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனவன் நான்தான். காபெஸில் இன்ஜின் பழுதாகி நின்ற என் நண்பன் லம்ஜத்தின் மோட்டார் சைக்கிளை எங்கள் ஊரான தூஸுக்குக் கொண்டுவர வேண்டும். பிக்கப்பில் ஏற்றினால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பட்டை மாட்டி, மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை இழுத்துக் கட்டுவது வழக்கம். நாலாவதுக்குப் பதிலாக நான் ஓர் ஆட்டுக்கயிற்றைக் கட்டினேன். நான் வருஷம் முழுக்கச் செருப்புதான் போடுகிறவன். நான் கட்டிய ஷூ நாடா தெருமுனை தாண்டாது.

லம்ஜத் என் முடிச்சைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினான். "த்ச்."

"டேய் மோன்ஜி, உன் முடிச்சை நம்புறதுக்குப் பேரீச்சம்பழத்துக்கு ஒட்டகத்தைக் காவல் வைக்கலாம்டா. நான் வண்டி மேல உக்காந்து அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே வரேன். நீ ஓட்டு."

வழியில் எல் ஹம்மா வளைவில் மோட்டார் சைக்கிள் சரிந்தது. நான் நிறுத்திவிட்டு ஓடியபோது அவன் தார் ரோட்டில் கிடந்தான்.

கயிறு அறுந்ததா, என் முடிச்சு அவிழ்ந்ததா? போலீஸ்காரரைக் கேட்டேன். "விதிப்பா" என்றார். இமாமைக் கேட்டேன். "எழுதினது நடந்துச்சு" என்றார். லம்ஜத்தின் அப்பா ஒரு காபியை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடும், குடி" என்றார்.

எனக்குப் பசித்தது, தூக்கம் வந்தது. அழுகை மட்டும் வரவில்லை.

அவன் செத்த நாற்பதாம் நாள், காபெஸில் போலீஸ் காவலில் இருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துவரப் போனேன். இந்தத் தடவை ஐந்து பட்டை. நாலை மாட்டி இறுக்கினேன். ஐந்தாவதை மறந்துவிடாமலிருக்க மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

உச்சிவெயில். பாலைக்காற்றில் மணல் கண்ணாடியை உரசியது. எல் ஹம்மா வளைவில் பிக்கப்பின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

இறங்கிப் பார்த்தேன். நாலு பட்டையும் தொளதொளவென்று தொங்கின. கொக்கி எதுவும் கழலவில்லை. மோட்டார் சைக்கிள்தான் அமுங்கியிருந்தது.

யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல.

சீட்டில் கை வைத்தேன். ரொட்டி சுடலாம் போன்ற அந்த வெயிலில், அது சில்லென்றிருந்தது.

பட்டைகளை மறுபடி இறுக்கினேன்.

"த்ச்."

சுற்றிலும் உப்புப் படிந்த வெறும் தரை. ஓர் ஆடுகூட இல்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயமும் வரவில்லை.

"சரிடா," என்றேன். மிச்ச வழியெல்லாம் கழுதை வண்டி என்னை முந்தும் வேகத்தில் ஓட்டினேன்.

தூஸில் அவன் மனைவி நஜ்வா வாசலில் நின்றாள். உள்ளே கூஸ்கூஸ் வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பட்டையாக அவிழ்த்தேன். நாலும் கழன்று விழுந்தன.

ஸ்பிரிங் எழும்பவில்லை.

அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நஜ்வா, நீயாவது சொல்லும்மா. கயிறு அறுந்துதானே போச்சு?"

அவள் உள்ளே போய், ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் துணிமணியோடு கொடுத்த பையை எடுத்துவந்தாள். ஆட்டுக்கயிற்றை உருவி என் கையில் வைத்தாள். அவன் விரல்களில் சுற்றியிருந்ததாம். இரண்டு முனையும் முழுசாக இருந்தன.

"அறுந்து போகல அண்ணே," என்றாள், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "உங்க முடிச்சுதான் அவிழ்ந்துச்சு. அதான் அவரு இன்னும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இறங்க மாட்டேங்கிறாரு."