வேறொரு போனில் ஓடிக்கொண்டிருக்கிறது

பாட்டின் பெயர் இருந்தது, பாட்டுதான் இல்லை.

சின்னவள் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்த்தாள். அக்கா பாடிப் பதிவு செய்திருந்த பாட்டுகள் எல்லாம் திரையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குட்டி மேகப் படம். அதைத் தொட்டால் வட்டம் ஒன்று சுழல ஆரம்பிக்கும், மெல்ல மெல்ல நிறைந்துகொண்டே வரும், மூடுவதற்கு ஒரு நூலிழை பாக்கி இருக்கும்போது சட்டென்று நின்று மறுபடியும் மேகமாகிவிடும். எந்தப் பாட்டைத் தொட்டாலும் இதே கதை. நெட் மோசமென்றால் ஒன்று பாதியில் நிற்கும், இன்னொன்று தொடங்கவே தொடங்காது. இப்படிச் சொல்லி வைத்தாற்போல் எல்லாம் ஒரே இடத்திலா நிற்கும்? அதுதான் அவளுக்கு உறுத்தியது.

வீட்டில் வயர் உள்ள எது பழுதானாலும் அவள் தலையில்தான் விடியும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள், பொறுமைசாலி. போனை அணைத்துப் போட்டாள். பழைய படங்களை அழித்து இடம் பண்ணினாள். வைஃபையைப் பிடுங்கிச் சொருகினாள். ஆப்பையே தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். தலைகீழாக நின்று பார்த்தாகிவிட்டது. வட்டம் அதே இடத்தில் நின்றது.

வெளியே மத்தியானத்திலிருந்தே மழை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்ததால் சாயங்காலத்துக்கு முன்பே அறை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து அறையில் அம்மா மூச்சு விடுவது கேட்டது. இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, விட்டு. கட்டிலருகே ஸ்டூலில் இருந்த கிண்ணத்தில் உணவு ஆறி ஆடை கட்டிப்போயிருந்தது.

அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். அவளை அடக்கம் செய்த அடுத்த வாரமே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ஆ', 'ம்' தவிர ஒன்றும் மிச்சமில்லை. அக்காவின் குரல் காதில் விழுந்தால்தான் அம்மா வாயைத் திறப்பாள், விழுங்குவாள். அந்தப் பாட்டுகள் இருந்த பழைய டேப்லெட் முந்தாநாள் கட்டிலிலிருந்து விழுந்து உயிரை விட்டது. அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நாளைக்கும் இப்படியே என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்றார் டாக்டர். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்று பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

கடைசியில் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். வெகுநேரம் காத்திருந்த பிறகு தூக்கம் கலையாத குரலில் ஒருவன் வந்தான்.

"ஃபைல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். 'வேறொரு போனில் ஓடிக்கொண்டிருக்கிறது'ன்னு காட்டுது. ஒரு இடத்துல பாட்டு ஓடிட்டு இருந்தா இன்னொரு இடத்துல இறக்க விடாது, அவ்வளவுதான்."

"வேற போனே இல்லைங்க. இருந்த டேப்லெட்டும் உடைஞ்சுபோச்சு."

"இல்லையே மேடம். உங்க அக்கவுண்ட்ல மூணு இருக்கு. அந்த டேப்லெட் ஒண்ணு. நீங்க பேசற போன் ஒண்ணு. மூணாவது..." அவன் லேசாகச் சிரித்தான். "பேரு ஒரு மாதிரி இருக்கு மேடம். தப்பா நினைக்காதீங்க. 'தொட்டா கையை ஒடிப்பேன்'."

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அக்கா தன் போனுக்கு வைத்த பெயர் அது. சின்னவள் அடிக்கடி அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஓடுவாள் என்பதற்காக வைத்தது. அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று சின்னவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. "போன் இல்லாம அவ அஞ்சு நிமிஷம் இருக்க மாட்டாளே, அதையும் கூடவே வச்சு அனுப்புங்க" என்று அம்மா பிடித்த பிடியில் நின்றாள். "அங்க போய் யாருக்குப் போன் பண்ணப்போறா?" என்று சித்தப்பாகூட முணுமுணுத்தார். ஆனால் அன்றைக்கு அம்மாவோடு மல்லுக்கட்ட யாருக்குத் தெம்பு இருந்தது? சின்னவள்தான் போனை முழுசாகச் சார்ஜ் போட்டு, இயர்போனைச் சுற்றி, பெட்டிக்குள் அக்காவின் விரல்களை விரித்து நடுவில் செருகினாள். மூடியில் ஆணி அறைந்ததை அவள் பார்த்தாள். மண் விழுந்ததையும் பார்த்தாள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.

"அந்தப் போன்ல ஓட முடியாதுங்க. அது... அது இப்ப இல்லை."

"ஓடிட்டுதான் இருக்கு மேடம். சார்ஜ் ஒரு பர்சென்ட் காட்டுது, ஆனா நிக்கலை. ஒரே பாட்டுதான், முடிஞ்சா மறுபடி முதல்லேருந்து. மொட்டைமாடின்னு பேர் போட்டிருக்கு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தொலைஞ்சுபோன போனா மேடம்? யாராவது எடுத்து வச்சிருப்பாங்க" என்றான்.

அந்த வார்த்தையைச் சின்னவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், யாரோ எடுத்திருக்கிறார்கள். பாவி, பிணத்தின் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறான். ஆத்திரம் வந்ததும் பயம் கொஞ்சம் விலகி நின்றது, ஆகவே ஆத்திரத்தை அவள் விடவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"'எல்லாப் போனிலிருந்தும் வெளியேறு'ன்னு ஒண்ணு இருக்கும். அதை அழுத்திட்டு பாஸ்வேர்டை மாத்திடுங்க. அப்புறம் யாரு வச்சிருந்தாலும் கேக்க முடியாது."

அவன் வைத்துவிட்டான். அவள் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினாள். திரை ஒரு கேள்வி கேட்டது: 'தொட்டா கையை ஒடிப்பேன்' போனில் உள்ள பாட்டுகள் அனைத்தும் நீக்கப்படும். சம்மதமா?

விரல் அப்படியே நின்றது. திருடன் ஒரே பாட்டையா திரும்பத் திரும்பக் கேட்பான்? அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் இதே மழைதான், அந்த மண்ணின் மேலும் இதே மழைதான். பக்கத்து அறையில் மூச்சு இழுத்து, நின்று, வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்று, பிறகு விட்டது.

"மன்னிச்சுக்கக்கா. அம்மா சாப்பிடணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

புது பாஸ்வேர்ட் கேட்டது. பிறந்த தேதியைக் கொடுத்தாள், பழசு என்றது. செல்லப் பெயரைக் கொடுத்தாள், அதுவும் பழசு. நினைப்பில் என்ன இருந்ததோ அதையே அடித்தாள். 'அக்கா இல்லை' என்று. நடுவில் இடம் விடாமல், ஒரே மூச்சில். ஏற்றுக்கொண்டது.

வட்டங்கள் மளமளவென்று நிறைந்தன. மேகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

முதலில் இறங்கியது மொட்டைமாடிப் பாட்டு. போனை அம்மாவின் தலையணையருகே வைத்து ஓடவிட்டாள். காற்றில் துணி படபடக்கும் ஓசை, அதற்கு மேல் அக்காவின் குரல், அவசரமே இல்லாத அந்தக் குரல். பாட்டின் கடைசியில் கீழேயிருந்து சின்னவளே கத்துவது பதிவாகியிருக்கும். "அக்கா, கீழ வாயேன்! அம்மா கூப்பிடறாங்க!" அக்கா பாட்டை நிறுத்திச் சிரிப்பாள். "இதோ வரேன்டி." அத்துடன் முடியும்.

அம்மா வாயைத் திறந்தாள். முதல் கரண்டி இறங்கியது, பிறகு இன்னொன்று. கிண்ணத்தில் பாதி காலியாகும்போது அம்மாவின் நல்ல பக்கத்து உதடு லேசாக மேலேறிற்று. சின்னவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பாட்டை விடாமல் ஓடும்படி வைத்து, பால் காய்ச்சலாம் என்று எழுந்தவள், மேஜை மேல் இருந்த தன் கம்ப்யூட்டர் மெயில் வந்து 'டிங்' என்றதும் தன் அறைக்குப் போனாள்.

தவறான பாஸ்வேர்ட். 'தொட்டா கையை ஒடிப்பேன்' போனிலிருந்து உள்நுழைய முயற்சி.

"முயற்சி பண்ணுடா, பண்ணு" என்றாள் திரையைப் பார்த்து. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுபடியும் 'டிங்'. பிறந்த தேதியை அடித்திருப்பான் என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. இவர்கள் வீட்டுப் பிறந்த தேதி திருடனுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது 'டிங்'. மூன்று முறை தவறானதால் பூட்டப்பட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நல்லதுதானே. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஏதோ ஒன்று மனதைப் பிறாண்டியது. பூட்டிக்கொண்டால் அக்கா என்ன செய்வாள்?

அக்காவுக்கு எந்தக் காலத்திலும் பாஸ்வேர்ட் நினைவிருந்ததில்லை. எதையாவது மூன்று தடவை அடித்துப் பார்ப்பாள். நாலாவது தடவை அடிக்க மாட்டாள். எழுந்து நேரே இந்த அறைக்கு வருவாள். கதவு நிலையில் சாய்ந்து, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு, போனை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பாள். சின்னவள் திட்டிக்கொண்டே அடித்துக் கொடுப்பாள். வருகிற வழியில் அம்மாவிடம் ஒருதரம் கேட்டுப் பார்ப்பாள். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொல்வாள்.

ரயில் ஒன்று போயிற்று. வீடு சற்று அதிர்ந்து அடங்கியது. மழை, பாட்டு, அம்மாவின் மூச்சு. சின்னவள் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டாள். நாலாவதாக ஒன்று சேர்ந்துகொண்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் முழுக்கப் போய்விட்டது. விளக்கைப் போட எழ வேண்டும். எழவில்லை.

"அக்கா, கீழ வாயேன்!" அவள் குரலே அம்மாவின் அறையிலிருந்து கூப்பிட்டது. "அம்மா கூப்பிடறாங்க!"

"இதோ வரேன்டி."

எத்தனை தடவை கூப்பிட்டுவிட்டோம்? இவ்வளவு நேரமாக?

பின்வாசல் தாழ்ப்பாள் நகர்ந்தது. மழைக்காலத்தில் ஊறி இறுகிப்போகும் தாழ்ப்பாள் அது, ஒரு தூக்கு தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். அந்த வித்தை வீட்டு மனிதர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தூக்கித் தள்ளிய ஓசை.

மழையின் சத்தம் ஒரு கணம் பெரிதாகி, மறுபடியும் சிறிதாயிற்று. கதவைச் சாத்தியாயிற்று. பிறகு வாசனை வந்தது. முதல் மழைக்கு எழும் மண்வாசனை இல்லை. அடி மண். வெயிலே படாத மண்.

சமையலறையில் ஒரு காலடி. நின்றது. இன்னொன்று. ஈரமாக.

அம்மாவின் அறையில் பாட்டு நின்றுபோயிற்று. அங்கே யாரோ மெதுவாக ஏதோ கேட்டார்கள். சொற்கள் தெளிவாக இல்லை. வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறாற்போல் இருந்தது.

மூன்று மாதமாகப் பேசாத அம்மா பேசினாள். குழறாமல், திக்காமல், வேலைக்கு நடுவில் சலித்துக்கொள்ளும் அதே பழைய குரலில்.

"என்னைக் கேட்டா? அவகிட்டயே போய்க் கேளு. உள்ளதான் இருக்கா."

சின்னவள் எழ நினைத்தாள். முடியவில்லை. ஜன்னல் பின்னால் இருந்தது. கதவு முன்னால். கதவைச் சாத்தவில்லை.

காலடி. இழுபட்ட காலடி. காலடி.

தலையை நிமிர்த்தவில்லை. தரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வெளிச்சம் வாசற்படி வரை விழுந்திருந்தது. வெளிச்சத்துக்குள் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. நிலை மரம் மெல்ல முனகியது. யாரோ சாய்ந்தார்கள். ஒரு கால் எழுந்து இன்னொரு காலைத் தேய்த்தது. மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. மண் மட்டும் இல்லை.

போன் நீண்டது. இயர்போன் வயர் அந்த விரல்களைச் சுற்றித் தோலுக்குள் பதிந்திருந்தது. அவள் சுற்றிய அதே சுற்று. ஓரத்தில் சார்ஜ் ஒரு பர்சென்ட். நடுவில் காலிக் கட்டம். அதற்குள் சின்னக் கோடு. மின்னியது. அணைந்தது. மின்னியது.

"ஏய் குட்டி," என்றது அந்த அவசரமே இல்லாத குரல். "பாஸ்வேர்ட் என்னடி?"

அதை இவளிடம் எப்படிச் சொல்வது? அந்த இரண்டு வார்த்தையை இவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அம்மாவின் அறையில் பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. போன் இன்னும் கொஞ்சம் முன்னால் நீண்டது.