கழுவிய ராஜா காசுகள்

"புது முத்திரை கேட்டு எழுதுங்க மேடம்" என்று தபால்காரர் ஸ்டீபன் அன்று காலையில் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

மலைமேல், செம்மேட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, பலாமரங்களுக்கு நடுவே இருந்த சின்ன அஞ்சலகம் அது. ஸ்டீபன் குத்திய ஒவ்வொரு உறையிலும் தேதி முத்திரையின் வட்டம் ஒரே இடத்தில் உடைந்து பதிந்தது. போஸ்ட்மாஸ்டர் கண்ணாத்தாள் தலையைத் தூக்கவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும் ஸ்டீபன். அந்த உடைசலைப் பார்த்தாலே நம்ம ஆபீஸ் தபால்னு தெரியுதில்ல?"

ஸ்டீபன் உதட்டைப் பிதுக்கினார். சேலத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்த மூன்று வருடத்தில் தான் ஒரு பெரிய துப்பறிவாளன் என்ற நம்பிக்கை அவருக்கு வளர்ந்திருந்தது. தலைமையாசிரியர் வீட்டுக் கோழிகளைத் தூக்கியது கீரிதான் என்று கண்டுபிடித்தது கண்ணாத்தாள். தானே கண்டுபிடித்த மாதிரி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஸ்டீபன்.

அப்போதுதான் பக்கத்துத் திண்ணனூர் நாட்டுப் பெருமாயி உள்ளே வந்தாள். மிளகுத் தோட்டக்காரி, நாலு பேர் நடுவில் குரலை உயர்த்திப் பேசுகிறவள். இன்று குரலே வரவில்லை. மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசையில் அவிழ்த்தாள். பதினோரு காசுகள். கிரீடம் வைத்த தாடிக்கார ராஜாவின் தலை, பின்னால் 1918.

"எல்லாம் போலிங்க மேடம். காசு போனாப் போகுது. எந்தம்பி போயிட்டானுங்க" என்றாள்.

ஸ்டீபன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெருமாயி சொன்னது இதுதான். வெள்ளிக்கிழமை அவள் மகளுக்கு நிச்சயம். தட்டில் வைக்கப் பழைய வெள்ளி ரூபாய் வேண்டுமென்று, போன வாரச் சந்தையில் பழங்காசு வியாபாரி முரளியிடம் ஒன்று இரண்டாயிரம் வீதம் பதினொன்று வாங்கினாள். காசுகள் கருகருவென்று, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தன.

"அசல்தானான்னு எப்படிப் பார்த்தீங்க?" என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

"அவருகிட்ட ஒரு காசு இருக்குதுங்க. அதைக் கல்லு மேல போட்டுக் காட்டினாரு. கணீர்னு மணி மாதிரி கேட்டுச்சு. எல்லாம் ஒரே புதையல்ல வந்தது, ஒரே வருசம், இதுவும் அதுவும் ஒண்ணுதான்னாரு."

"அந்தக் காசை நீங்க கையில வாங்கிப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க. யார் கையிலயும் கொடுக்க மாட்டாரு. அவரே போட்டு அவரே எடுத்துக்குவாரு."

"அப்புறம்?"

"நான் மொளகு வித்துட்டு வாரேன்னு, எந்தம்பி ரமேஷ்குமாருகிட்டக் கொடுத்து பஸ் ஏத்தி அனுப்பினேன். அவனும் பத்திரமாக் கொண்டாந்து ஊட்டுல வெச்சான். அழுக்கோட எப்படிங்க சாமி முன்னால வெக்கறது? பிரிச்சுப் புளி போட்டுத் தேய்ச்சேன். கருப்பு மை மாதிரி கழண்டு வந்துச்சு. உள்ளாரப் பார்த்தா மஞ்சக் காசு."

பணத்தைத் திருப்பிக் கேட்க முரளிக்குப் போன் போட்டிருக்கிறாள். வீட்டில் எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துப் பேசியதுதான் வினையாகிவிட்டது. கழுவின காசைத் திருப்பி வாங்குவதில்லை என்று சொன்ன முரளி, அதோடு நிற்கவில்லை. 'என்கிட்ட இருந்து போனது அசல். வழியில யார் கையில இருந்துச்சோ அவரைக் கேளுங்க' என்றும் சொல்லிவிட்டான்.

"ஒரே ஒரு தடவை தம்பியைத் திரும்பிப் பார்த்துட்டேன் மேடம். ஒண்ணுமே சொல்லல நான். சும்மா பார்த்தேன். அவன் செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிட்டான். நாலு நாளாச்சு. ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேங்கறான். தாய்மாமன் இல்லாம எம்புள்ளைக்கு நிச்சயம் எப்படிங்க நடக்கும்?" அடக்கி வைத்திருந்த அழுகை அவளை மீறி வந்தது.

ஸ்டீபன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார். ஆனால் அவருக்குள் இருந்த துப்பறிவாளன் சும்மா இருப்பானா? பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்துவந்து காசுகளின் மேல் காட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை.

"மேடம், அசல்!"

"பித்தளையும்தான் காந்தத்துல ஒட்டாது" என்று சொல்லிவிட்டு, கண்ணாத்தாள் பதினொன்றையும் தபால் எடைபோடும் தராசில் வைத்தாள். நூற்று நாலு கிராம் காட்டியது. ஸ்டீபன் அவசரமாக செல்போனில் பழைய வெள்ளி ரூபாயின் எடையைத் தேடிக் கணக்குப் போட்டார். அசல் என்றால் பதினொன்றும் சேர்ந்து நூற்று இருபத்தெட்டு இருக்க வேண்டும்.

"போலிதான். ஆனா மேடம், போலின்னு நிரூபிச்சு என்ன பிரயோசனம்? மாத்தினது யாருங்கறதுதானே கேள்வி? நியாயமாப் பார்த்தா அந்தத் தம்பி…" பெருமாயியின் முகத்தைப் பார்த்ததும் ஸ்டீபன் மீதியை விழுங்கிவிட்டார்.

கண்ணாத்தாள் தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்தாள். முதல் காசு, இரண்டாவது, மூன்றாவது என்று பதினொன்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு ஸ்டீபன் முத்திரை குத்திய உறைகளில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சந்தைதானே? தம்பியையும் எப்படியாவது கூட்டிட்டு வாங்க பெருமாயி. அந்த முரளியோட காசு நான் நினைக்கிற மாதிரி இருந்தா, உங்க பணம் வந்துரும்."

"இல்லாட்டி?" என்றார் ஸ்டீபன்.

"இல்லாட்டி நான் தோத்துப் போயிட்டேன்னு ஊர் பூரா நீங்க சொல்லிக்கலாம்."

மறுநாள் செம்மேட்டுச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. பலாப்பழ வாசனையும் மிளகு நெடியும் மூக்கை நிறைத்தன. ஸ்டீபனுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. ஆனாலும் பரபரப்பில் அவர்தான் முன்னால் நடந்தார். கண்ணாத்தாள் வழியில் மிளகு மண்டி கருப்பண்ணனையும் கூட அழைத்துக்கொண்டாள். சந்தையில் அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. ரமேஷ்குமார் அக்காவை விட்டுப் பத்தடி தள்ளியே வந்தான். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

முரளி சிவப்புத் துணி விரித்து, நடுவில் ஒரு கருங்கல் பலகையை வைத்திருந்தான். பெருமாயியைப் பார்த்ததும் முகம் சுளித்தவன், கருப்பண்ணனைக் கண்டதும் சிரித்தான்.

"வாங்க அண்ணாச்சி! பாவம், இந்தம்மா கதை உங்க காதுக்கும் வந்துருச்சா?"

"கதை இருக்கட்டுங்க" என்றாள் கண்ணாத்தாள். "நானும் கொஞ்சம் காசு வாங்கலாம்னு இருக்கேன். அசலா இருக்கணும்."

முரளி உற்சாகமாக இடுப்புப் பையிலிருந்து அந்தக் காசை எடுத்துக் கல்லில் போட்டான். கணீரென்றது. ஸ்டீபன் கண்ணாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான சத்தத்தை என்ன சொல்லி எதிர்ப்பது?

"நல்ல சத்தம். இது ரொம்ப நாளா உங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருபது வருசமா மேடம்! என் ராசிக் காசு. தூங்கும்போதுகூட இடுப்புலதான் இருக்கும்."

"யாருக்காவது இரவல் கொடுத்திருப்பீங்க. பார்க்கறதுக்காவது?"

"கட்டினவளே கேட்டாலும் கொடுக்க மாட்டேன். என் கையைத் தவிர இன்னொரு கை பட்டதில்ல."

"கேட்டுக்கிட்டீங்களாண்ணா?" என்று கண்ணாத்தாள் கருப்பண்ணனிடம் திரும்பினாள். அவர் தலையாட்டினார். "அப்ப அந்தக் காசைக் கல்லு மேலயே வெச்சிருங்க. நாங்க தொட மாட்டோம். அண்ணன் இந்தக் கண்ணாடி வழியா ராஜாவோட தாடிக்குக் கீழ மட்டும் பார்ப்பார்."

முரளியின் கை காசை நோக்கி நகர்ந்து பாதியில் நின்றது. கூட்டம் சேர்ந்துவிட்டது. கருப்பண்ணன் குனிந்தார். ஸ்டீபன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மேடம் தேடுவது அங்கே இருக்குமா, இருக்காதா?

"ஒரு வெட்டு இருக்குது" என்றார் கருப்பண்ணன். "நெல்லு முனையாட்டம் சின்னதா, சாய்வா."

ஸ்டீபனுக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. கண்ணாத்தாள் அவசரப்படாமல் பெருமாயியின் முடிச்சை அவிழ்த்துக் காசுகளை வரிசையாக வைத்தாள்.

"இப்ப இதைப் பாருங்கண்ணா."

கருப்பண்ணன் ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனார். ஐந்தாவதில் நிமிர்ந்தார். "அடப்பாவி! எல்லாத்துலயும் அதே இடத்துல அதே வெட்டு!"

"புழங்கின காசுல காயம் இருக்கறது சகஜம்" என்றாள் கண்ணாத்தாள். "ஆனா பன்னெண்டு காசு பன்னெண்டு இடத்துல விழுந்து, பன்னெண்டும் ஒரே மாதிரி அடிபடுமா? ஒரு காசை அச்சா வெச்சு மத்ததை வார்த்தா, அந்தக் காசோட காயமும் சேர்ந்து வரும். எங்க ஆபீஸ் முத்திரையில ஒரு உடைசல் இருக்குது. ஸ்டீபன் குத்தற ஒவ்வொரு கவர்லயும் அது விழும். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிஞ்சுது. எல்லாம் ஒரே வருசமா இருந்ததுக்கும் காரணம் புதையல் இல்ல, அச்சு ஒண்ணுதான். அந்தத் தாய்க்காசு இந்தக் கல்லு மேல கிடக்கு. இது வேற கைக்கே போனதில்லைன்னு இவரே சொல்லிட்டார். அப்ப இதை வெச்சு அச்சு எடுத்தது யார்? ரமேஷ்குமாரா? அவர் இதைத் தொட்டதுகூடக் கிடையாது."

"அது… யாராவது…" என்று முரளி இழுத்தான்.

"கருப்பு மை பூசினது பழசாக் காட்ட மட்டுமில்ல, காயத்தை மறைக்கவும்தான். கழுவின காசை வாங்க மாட்டேன்னு சொன்னதும் அதுக்குத்தான். இந்தம்மா புளி போட்டுத் தேய்ச்சதுதான் உங்களைக் காட்டிக் கொடுத்துது."

முரளி துணியைச் சுருட்டப் பார்த்தான். கருப்பண்ணன் அதன் நுனியை மிதித்துக்கொண்டார். "பணத்தை எடு. அப்புறம் இந்தக் காசுகளோட ஸ்டேசனுக்குப் போலாம். இன்னும் எத்தனை பேருக்கு வித்தியோ, அதை அங்க சொல்லு."

இருபத்திரண்டாயிரம் பெருமாயியின் கைக்கு வந்தது. ஸ்டீபன் விசில் அடிக்க வாயெடுத்தவர், தபால்காரர் உடுப்பு போட்டிருப்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நேற்று அவரும் அந்தத் தம்பியைத்தானே சந்தேகப்பட்டார்?

ரமேஷ்குமார் தரையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். பெருமாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவனிடம் போனாள். மன்னிப்பு கேட்பாள் என்று ஸ்டீபன் எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. போன வாரம் காசுகளை முடிந்து கொடுத்த அதே துணியில் பணத்தை முடிந்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"நீ முன்னால பஸ்ஸேறி ஊட்டுக்குக் கொண்டு போ சாமி. நான் மொளகு வித்துட்டு அடுத்த பஸ்ஸுக்கு வாரேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிச்சைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகினான்.

"சோறாக்கி வெக்கச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தான்.