இறக்கைக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு

ஞாயிறு, காலை ஆறரை.

மருந்துக்கடைக்காரர் பல் துலக்குவதற்கு முன்பே கொல்லைப்புற ஷெட்டைத் திறந்தார். அவருடைய மஞ்சள் ரிமோட் விமானம் அன்றைக்குத்தான் முதன்முதலாக பாட்டரியில் பறக்கப் போகிறது. கல்யாணத்தன்றுகூட மனிதர் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை.

விமானம் வழக்கமான கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களும் நறுக்கப்பட்டிருந்தன.

அவர் கத்தவில்லை. நேரே வீட்டுக்குள் வந்து, தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் நின்றார்.

"வெட்டிட்டே இல்ல? இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

அவ்வளவுதான். ஏழு மணிக்கெல்லாம் தையல்காரம்மாவின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் கிளம்பவில்லை. செய்யாத குற்றத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனால் அது ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். "நான் செய்யலைன்னு தெரிஞ்ச பிறகுதான் படி இறங்குவேன்" என்று சொல்லிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.

அவள்மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீட்டிய கை அளவுதான் இருக்கும் அந்த விமானம். அதைத் தன் சக்களத்தி என்றுதான் சொல்லுவாள். முதல் நாள் காலையில்தான், வாசலில் எல்லார் காதிலும் விழும்படி, "ஒரு நாள் இந்தக் கத்தரியாலேயே அதை ரெண்டா வெட்டிப் போடுறேன் பாருங்க" என்று சொல்லியிருந்தாள். மூன்று வாரமாகப் புருஷன் சாயங்காலமெல்லாம் அந்த ஷெட்டிலேயே கிடந்தால் யாருக்குத்தான் எரியாது? அதுவும் தனியாக இல்லை, எதிர்க்கடை போன் ரிப்பேர்க்காரியோடு.

இதற்கு முன்னால் அந்த விமானத்தின் மூக்கில் இருந்தது கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டி எஞ்சின். அதன் தலையில் ஒரு பிளக். அந்த பிளக்கின் கம்பியைச் சிவக்கக் காய வைத்து, விசிறியை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அதன் அலறலில் தெருநாய்கள் பதிலுக்குக் குரைக்கும். பறந்து இறங்கும்போது எரிந்த எண்ணெய் வயிற்றிலும் இறக்கைக்கு அடியிலும் பிசுபிசுவென்று வழிந்திருக்கும்.

சுண்டுகிற விரல் மருந்துக்கடைக்காரருடையது அல்ல, அவர் சிநேகிதருடையது. பஸ் டிப்போ மெக்கானிக். இந்த விரல் வித்தையாலேயே ஊரில் அவருக்கு 'சுண்டு' என்று பேர். இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கிய விமானம், முறை வைத்துத்தான் பறக்க விடுவார்கள். ஆனால் ஸ்டார்ட் செய்வதும், இறங்கியதும் துடைப்பதும் எப்போதும் சுண்டுதான். மருந்துக்கடைக்காரர் சட்டையில் கறை படாமல் நிற்பார்.

பிறகுதான் ரிப்பேர்க்காரி வந்தாள். எஞ்சினையும் எண்ணெய் டாங்கையும் கழற்றினார்கள். மூக்கில் எண்ணெய் ஊறிய பலகையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பலகை ஒட்டி, அதில் மின்சார மோட்டாரைப் பூட்டினார்கள். எடை மாறிப்போனதால் விமானம் எந்த இடத்தில் விரல் வைத்தால் சமமாக நிற்கிறது என்று பார்த்து, இறக்கைக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக மார்க்கர் பேனாவால் கறுப்புக் கோடு போட்டார் மருந்துக்கடைக்காரர். தண்ணீர் பட்டாலும் அழியாத மை.

காலை பத்து மணி.

அக்கா வந்து இறங்கினாள். இடிபட்ட கார், லாரிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கும் சர்வேயர் அவள். தங்கையின் கண்ணீரைத் துடைக்கவில்லை. மாப்பிள்ளையைத் திட்டவும் இல்லை. முதலில் கேட்டது கத்தரியை.

மெஷின் மேலிருந்த கத்தரியை எடுத்து, வழவழவென்று இருந்த ஒரு துண்டுத் துணியில் ஓட்டினாள். நுனிவரை எங்கேயும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"மாப்பிள்ளை, இதால எப்பவாவது பேப்பர் வெட்டியிருக்கீங்களா?"

ஒரே ஒரு தடவை வெட்டியதாகவும், அன்றைக்கு ராத்திரி தனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். பேப்பருக்கே அந்தக் கதி என்றால், செம்புக் கம்பியை வெட்டி அலகில் பல் விழ வைப்பாளா? அதைச் சொல்லாமலே கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா ஷெட்டுக்கு நடந்தாள்.

ஷெட்டில் ஏற்கெனவே இரண்டு பேர். ஒயர் வெட்டுகிற கட்டர் அதன் ஆணியில்தான் மாட்டியிருந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். சாவி கொல்லைக் கதவின் வெளிப்பக்கம் தொங்கும், தெருவுக்கே தெரியும். ரிப்பேர்க்காரி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தன் வேலை சரியில்லை என்று நாளைக்குக் கடை வாசலிலேயே பேசுவார்களே என்பது அவள் கவலை. சுண்டு மட்டும் பதறாமல் சிநேகிதரைத் தேற்றினார். வீட்டுக்காரியைத் திட்டாதே என்று புத்தி சொன்னார். பழைய எஞ்சின் பத்திரமாகத்தான் இருக்கிறது, திரும்ப மாட்டிவிடலாம் என்றார்.

பழைய எஞ்சினில் யார் சுண்டுவார், யார் துடைப்பார் என்பதிலிருந்து இறக்கைக்கு அடியில் கோடு போட்டதுவரை எல்லாவற்றையும் அக்கா சொல்ல வைத்தாள். பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் யார் எங்கே? அக்கா ஒவ்வொருவராகக் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் கடையில். தங்கை மெஷினில், அது ஓடினால் அவளுக்கு இடிகூடக் கேட்காது. ரிப்பேர்க்காரி நாலு மணிக்கு பாட்டரிக்கு முழுக்க சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து உள்ளே வைத்து, கனெக்டரை மாட்டாமல் விட்டுவிட்டு, ஷெட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். சுண்டு டிப்போவில்.

"அந்த பாட்டரியைக் கொஞ்சம் பாரும்மா" என்றாள் அக்கா.

ரிப்பேர்க்காரி டெஸ்டரை வைத்தாள். மறுபடி வைத்தாள். முக்கால்வாசிக்கு மேல் தீர்ந்திருந்தது.

ஒயரை வெட்டியதில் இறங்கியிருக்கும் என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இறங்காது சார். கனெக்டரே மாட்டலை. மோட்டார் சுத்தினாத்தான் இவ்வளவு தீரும்."

அக்கா வெட்டுப்பட்ட ஒயர்களை ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. விமானத்தைக் கொக்கியிலிருந்து எடுத்து மல்லாக்கத் திருப்பினாள். வயிறு பளபளவென்றிருந்தது. வாலும் அதில் ஆடும் தகடும் சேரும் இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ஒரு துண்டுப் புல், இன்னும் பச்சையாக.

"கடைசியா எப்ப மைதானத்துக்குப் போச்சு இது?"

மோட்டார் மாட்டியபிறகு போகவே இல்லை.

"கடைசியா எப்ப துடைச்சீங்க?"

"துடைக்க என்ன இருக்கு இதுல? எண்ணெயே கிடையாதே" என்றார் மருந்துக்கடைக்காரர், கொஞ்சம் எரிச்சலோடு.

அக்கா விமானத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இடிச்ச வண்டியைப் பார்க்க வர்றவங்க எல்லாரும் நசுங்கின இடத்தைத்தான் பார்ப்பாங்க. நான் நசுங்காத பக்கத்தை முதல்ல பார்ப்பேன். ஆள் தன்னை மறந்து கை வைக்கிற இடம் அதுதான். மாப்பிள்ளை, நீங்க போட்ட கோடு எங்கே?"

இறக்கைக்கு அடியில் வெறும் மஞ்சள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தார். கோடு இல்லை.

அக்கா நிதானமாகச் சொன்னாள். தண்ணீரில் போகாத மை, ஸ்பிரிட்டில் போகும். ஸ்பிரிட் நனைத்த துணியால் யாரோ வயிற்றையும் இறக்கையையும் துடைத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் ஸ்பிரிட் வாசனை வந்தால் யார் மூக்கும் கண்டுகொள்ளாது. பாட்டரி தீர்ந்திருக்கிறது, வாலில் பச்சைப் புல் இருக்கிறது. அப்படியானால் நேற்றுச் சாயங்காலம் இது பறந்திருக்கிறது. பழைய எஞ்சினாக இருந்தால் தெருவே எழுந்து வந்திருக்கும், இது சத்தமில்லாமல் போய் வந்துவிட்டது. தங்கைக்கு இதைப் பறக்க விடத் தெரியாது. ரிப்பேர்க்காரிக்கும் தெரியாது. தெரிந்தவர் இரண்டே பேர். அதில் ஒருவர் தானே போட்ட கோட்டைத் தானே அழிக்கமாட்டார், அவர் வாழ்நாளில் இதைத் துடைத்ததும் கிடையாது.

"எண்ணெயே இல்லாத விமானத்தை, இறங்கினதும் எண்ணெய் துடைச்சு மாட்டற கை ஒண்ணுதான் இருக்கு. டிப்போவுக்குப் போன் போட்டு நீங்க நேத்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்கன்னு கேட்கட்டுமா அண்ணே?"

சுண்டு தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தார். விசிறி அடித்த பழைய தழும்புகள் அதில் வரிவரியாக இருந்தன.

"வேணாம்மா. நான்தான்."

முதலில் வெட்டுகிற எண்ணமே இல்லை என்றார். மூன்று வாரமாக இந்தப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. தன்னுடைய பாதியும் அதில் இருக்கிறதே, அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்தார். பார்த்தவர் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார். திணறும், விழும், நாளைக்கு இவன் நம்மிடம்தான் வருவான் என்று நினைத்தார்.

"திணறிச்சா?" என்றாள் ரிப்பேர்க்காரி, தாங்கமாட்டாமல்.

"இல்ல. நல்லா பறந்துச்சு. ரிமோட்ல குச்சியைத் தள்ளினேன், கிளம்பிடுச்சு. சுண்டவும் வேணாம், ஒருத்தர் பிடிச்சுக்கவும் வேணாம். இருட்டுல ஷெட்டுக்குள்ள வந்து பழக்கதோஷத்துல துடைச்சேன். துடைச்ச துணியைத் தொட்டுப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கே இல்ல. எனக்கு அங்க ஒரு வேலையும் மிச்சம் இல்ல. அப்பத்தான் கட்டரை எடுத்தேன்."

மருந்துக்கடைக்காரரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. பெண்டாட்டிமேல் பழி விழுந்தபோது பக்கத்திலேயே நின்று புத்தி சொன்னவனை இப்போது அறையப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"எனக்கு முன்னாடியே நீ பறக்க விட்டுட்டியாடா?" என்றார் அவர். குரல் உடைந்தே போயிற்று.

வாசற்படியில் நின்றிருந்த மனைவி அதைக் கேட்டாள். அக்காவிடமிருந்து கத்தரியை வாங்கினாள். ஒரு துணியில் சுற்றி, பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே வைத்தாள். கத்தரி உள்ளே போனதும்தான் மருந்துக்கடைக்காரருக்கு உறைத்தது. "ஏய், இரு, இரு" என்று ஓடிவந்தார்.

"அவர் வெட்டினது எனக்குப் புரியுது" என்றாள் அவள். "நான் வாயால சொன்னதை அவர் கையால செஞ்சுட்டார். ரெண்டு பேருக்கும் ஒரே எரிச்சல்தான். நான் செய்யலைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் நீங்க முதல்ல கேட்டது அதைப் பத்தித்தான் பாருங்க, அதுதான் புரியல."

அக்கா பெட்டியைக் காரில் ஏற்றினாள். தங்கை படி இறங்கி, காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"மன்னிப்புக் கேட்க வரணும்னா வாங்க. தனியா வாங்க."

கார் திரும்பிப் போயிற்று. மருந்துக்கடைக்காரர் வாசலிலேயே நின்றார். ஷெட்டுக்குள் ரிப்பேர்க்காரி அறுந்த ஒயர்களை ஒட்டுவதா வேண்டாமா என்று சுண்டுவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.