தெற்கு எந்தப் பக்கம்?

கனால் தெரு ஸ்டேஷன் படிகளில் ஏறி வெளியே வந்ததும் இவலீஸ் செய்த முதல் காரியம், அண்ணாந்து பார்த்தது.

மழை கண்ணில் விழுந்தது. அவ்வளவுதான்.

நியூயார்க்கில் பூமிக்கு அடியிலிருந்து ஏறி வருகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். தலையைத் தூக்கினால் இரண்டு கோபுரங்களும் நிற்கும். அது தெற்கு. அதற்குப் பிறகு கால் தானாக நடக்கும். போன செப்டம்பரில், ஒரே காலையில், விமானங்கள் மோதி இரண்டும் இடிந்து போய்விட்டன. மனதுக்கு அது தெரிந்துவிட்டது. கழுத்துக்குத்தான் இன்னும் தெரியவில்லை...

குத்துமதிப்பாக ஒரு பக்கம் திரும்பி நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் யார் மேலோ மோதினாள். இரண்டு குடைகளும் சிக்கிக்கொண்டன. அவளுடைய குடைக்கம்பி எதிரில் நின்றவனின் கோட்டுப் பித்தானில் மாட்டிக்கொண்டது.

"ஹலோ! எங்க பார்த்து நடக்கறீங்க?" என்றாள்.

"நீங்க எங்க பார்த்தீங்க?"

"நான்... மேல பார்த்தேன்."

அவன் குனிந்து கம்பியைப் பித்தானிலிருந்து விடுவித்தான். அவசரமே இல்லாத விரல்கள். நிமிர்ந்தபோது கண்களைப் பார்த்தாள். பால் கலக்காத காபியின் நிறம். இமைகளில் மழை. அவன் முகம் முழுக்க நனைந்திருந்தது... கையில் குடை வைத்திருக்கிறவனுக்கு முகம் எப்படி நனையும்? இவனும் அண்ணாந்துதான் வந்திருக்கிறான்.

"லிஸ்பெனார்டு தெரு எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"இந்தப் பக்கம்," என்று உறுதியாகக் கை காட்டினாள்.

தவறான பக்கம். அவளும் அங்கேதான் போக வேண்டும். அவளும் அந்தப் பக்கமே போனாள், எதிர்ச் சாரியில், அவனுக்குத் தெரியாமல்.

போர்டு எழுதும் கடை ஒன்றில் அவளுக்கு ஓவியர் வேலை. முதலாளி காலையில் சொல்லியிருந்தார்: புரூக்ளினிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் வருகிறார், கடைச் சுவர் ஓவியத்தில் ஏதோ மாற்ற வேண்டுமாம், லிஸ்பெனார்டு தெருக் காபிக் கடையில் போய்ப் பேசு. தெருத் தெருவாகச் சுற்றி, தாமதமாக, சொட்டச் சொட்ட அவள் உள்ளே நுழைந்தபோது, அதே கோட்டு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"நீங்களா?" என்றான்.

"நீங்கதான் பேக்கரியா?"

"நீங்க காட்டின பக்கம் போனேன். வடக்கே சோஹோதான் வந்துச்சு."

"எனக்கும்தான் வந்துச்சு."

அவன் சிரித்திருக்கலாம். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. டாரியோ என்று பெயர் சொன்னான். புரூக்ளின் கரோல் கார்டன்ஸில் அம்மாவும் அவனும் நடத்தும் பேக்கரி. அவன் சிறுவனாக இருந்தபோது யாரோ ஒரு ஓவியர், வேலைக்குக் கூலியாக ரொட்டி வாங்கிக்கொண்டு, ஒரு சுவர் நிறைய ஊரை வரைந்து கொடுத்திருக்கிறார். துறைமுகம், பாலம், இரண்டு கோபுரங்கள்.

"அந்தக் கோபுரம் ரெண்டும் வேண்டாம். வானமா மாத்திடுங்க. அம்மா ஸ்டேட்டன் ஐலண்டுல சித்தி வீட்டுல இருக்காங்க. சித்திக்கு முட்டி ஆபரேஷன். அவங்க திரும்பறதுக்குள்ள முடியணும்."

இவலீஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு அழிக்கணும்?"

"என்னது?"

"ஊர்ல எல்லாரும் அதைத்தான் அழிக்கறாங்க. சினிமால அழிக்கறாங்க, போஸ்ட் கார்டுல அழிக்கறாங்க. சுவத்துலயாவது இருந்துட்டுப் போகட்டுமே..."

"கட்டடம்தானேங்க. இரும்பும் கண்ணாடியும். அதுக்குப் போய் அழறவங்களை எனக்குப் புரியவே இல்ல."

"நான் அழறேன்," என்றாள் சட்டென்று. "எனக்கு அங்க யாரும் இல்ல. யாரையும் இழக்கல. ஆனா எங்க வீட்டுச் சமையலறை ஜன்னல்ல அது ரெண்டும்தான் தெரியும். உச்சியில ஆன்டெனா வச்சது தொப்பி போட்டவன், இன்னொண்ணு மொட்டைத்தலையன். சின்ன வயசுல அவங்களுக்கு குட் நைட் சொல்லாம நான் தூங்கினதில்ல. கட்டடத்துக்காக அழக் கூடாதா? யார் போட்ட சட்டம்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிந்தன.

"எங்க அண்ணன் நீனோ," என்றான் கடைசியில், "தொப்பி போட்டவனுக்குள்ள இருந்தான்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

"நாளைக்கே வர்றேன்," என்றாள்.

மறுநாள் பேக்கரிச் சுவரின் முன் நின்று ஓவியத்தை மேலும் கீழும் பார்த்தாள். ஓவியர் ஒன்றும் மேதை இல்லை. பாலம் கோணல். படகுகள் செருப்பு மாதிரி இருந்தன. ஆனால் கோபுரங்களை ஆசையாக வரைந்திருந்தார். ஒவ்வொரு ஜன்னல் வரியையும் தனித்தனியாக... மாலை வெயில் அவற்றின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது.

தொப்பி போட்டவனின் நடுவில், ஓர் ஆள் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு ஜன்னல் மட்டும் தேய்ந்து கிடந்தது. காசளவு இடம். சாயம் போய் உள்ளே சுண்ணாம்பு தெரிந்தது. தேய்ந்த ஓரத்தில் பழைய மாவு படிந்திருந்தது. வாடிக்கையாளர் குழந்தைகளின் வேலை என்று நினைத்தாள்.

"அம்மா தினமும் கடை திறக்கறதுக்கு முன்னாடி, விளக்கைக்கூடப் போடாம, இது முன்னாடி போய் நிக்கறாங்க," என்றான் டாரியோ பின்னாலிருந்து. "எவ்வளவு நேரம்னு தெரியாது. நான் உள்ளே அடுப்புகிட்ட இருப்பேன். பார்க்க முடியல. அது இருக்கற வரைக்கும் அவங்க மீள மாட்டாங்க."

அவள் தலையாட்டினாள். அவன் உள்ளே போனதும் பையைத் திறந்தாள்.

முறைப்படி செய்வதென்றால் எண்ணெய்ச் சாயத்தையே பூச வேண்டும். காய்ந்தபின் கோபுரங்கள் நிரந்தரமாக அடியில் புதைந்துவிடும். தூரிகையால் நீலத்தைத் தொட்டாள். கை மேலே போகவில்லை. ஒரு தடவை விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தாகிவிட்டது. இரண்டாம் தடவை இந்தக் கையாலேயா...?

தூரிகையைத் துடைத்தாள். கோபுரங்களின் மேல் நிறமில்லாத வார்னிஷைப் பூசிக் காயவிட்டாள். அடுத்த நாள் அதன் மேல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் மாதிரி தண்ணீரில் கரையும் சாயத்தில் வானம் வரையத் தொடங்கினாள். ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் வானம்.

அவனிடம் சொல்லவில்லை. அண்ணனை இழந்தவனை ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தே செய்தாள்.

வேலை நடந்த நாட்களில் அவன் அதிகம் பேசவில்லை. எள் தூவிய ரொட்டியை வெண்ணெயோடு கொண்டுவந்து ஏணிப் படியில் வைப்பான். நின்று பார்ப்பான். சுவரை அல்ல, அவளை.

"இப்படி முறைச்சுப் பார்த்தா மேகம் கோணலா வரும்," என்பாள்.

"பாலமே கோணல்தான். பொருத்தமா இருக்கும்."

"ரொட்டி சுடறவங்க எல்லாரும் இப்படித்தான் உம்முன்னு இருப்பாங்களா?"

"மாவு பொங்கற நேரத்துல சத்தம் போட்டா அமுங்கிடும்."

"நிஜமாவா?"

"இல்ல... சும்மா சொன்னேன்."

அவள் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. அவன் ஓடிவந்து பிடித்தான். பிடித்த கையை எடுக்க அவன் மறந்துபோனது போல, இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது. அந்த நெருக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது... பிடித்திருந்ததுதான் பயமாக இருந்தது.

கோபுரங்கள் இருந்த இடத்தில் நல்ல, வெறும், நீல வானம் வந்துவிட்டது. டாரியோ அதை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"நல்லா இருக்கு," என்றான். பிறகு மேசையில் இல்லாத மாவைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை கடை லீவு. உனக்கு நண்டு பிடிக்குமா? ஷீப்ஸ்ஹெட் பே பக்கம் ஒரு இடம்..."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது? பிடிக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அடுத்த நொடி, அவன் முதுகுக்குப் பின்னால் அந்தப் பொய் வானம் தெரிந்தது. உண்மையைச் சொல்லாமல் இவனுக்கு எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? சொன்னால், இவன் எதிரே உட்காரவே மாட்டானே.

"எனக்கு நேரமில்லைங்க," என்றாள்.

"சரி," என்றான். அதற்கு மேல் கேட்கிற ஆள் இல்லை அவன். அவளும் சொல்கிற ஆளாக இருக்கவில்லை. தூரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு ரயிலேறினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் வேலை செய்யும் போர்டுக் கடைக்குப் போன் வந்தது.

"இங்க வர முடியுமா?" டாரியோவின் குரல் சுருங்கியிருந்தது. "அம்மா வந்துட்டாங்க."

அவள் போனபோது பேக்கரிக் கதவில் 'மூடியிருக்கிறது' என்ற அட்டை தொங்கியது. உள்ளே சுவருக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு டாரியோவின் அம்மா அகாதா உட்கார்ந்திருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மடியில் கைப்பை.

"இவதான் அழிச்சவளா?" என்றார்.

"நான்தாம்மா அழிக்கச் சொன்னேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"உன்னைக் கேக்கல. நீ வாயை மூடு." அவர் இவலீஸைப் பார்த்தார். அழுத முகம் இல்லை. களைத்த முகம். "ஏம்மா... என் பெல் எங்க?"

"பெல்லா?"

"நீனோவுக்கு அந்தக் கட்டடத்துல வேலை கிடைச்சப்போ, ஆபீசுக்கெல்லாம் போன் பண்ணாதேம்மா, எல்லாரும் சிரிக்கறாங்கன்னான். சரி, போடான்னு விட்டேன். இந்தச் சுவத்துல அவன் ஜன்னல் இதுதான்னு நானே ஒண்ணை வச்சுக்கிட்டேன். தினமும் காலையில வந்து ஒரு அமுக்கு அமுக்குவேன். டேய், எழுந்தியா, சாப்பிட்டியான்னு. அவ்வளவுதான். அன்னைக்குக் காலையிலயும் அமுக்கினேன். அப்புறமும் அமுக்கறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

டாரியோ அசையாமல் நின்றான். "நீங்க இது முன்னாடி நின்னு அழறீங்கன்னு நினைச்சேன்."

"அழுகை வந்தா வெங்காயம் நறுக்கும்போது அழுதுக்குவேன். அது தனி. இது பேச்சு." அவர் கைப்பையைத் திறந்தார், மூடினார். "இப்ப எங்க அமுக்கறது? வானத்தையா?"

தேய்ந்த அந்த ஜன்னல். மாவு படிந்த ஓரம். குழந்தைகளின் வேலை இல்லை அது என்று இவலீஸுக்குப் புரிந்தது.

"எனக்கு ஒரு துணி வேணும்," என்றாள். "ஈரமா."

"எதுக்கு?" என்றான் டாரியோ.

"நான் உங்களை ஏமாத்திட்டேன்." அவன் கண்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று பார்த்தாள். "நீங்க கேட்ட வேலையை நான் செய்யல. இது தண்ணீர்ச் சாயம். கீழே எல்லாம் அப்படியே இருக்கு. என்னால அழிக்க முடியல. அம்மாவுக்காக இல்ல, அப்ப எனக்கு எதுவும் தெரியாது. எனக்காகத்தான். இதை வச்சுக்கிட்டு உங்க கூட உக்காந்து எப்படி நண்டு சாப்பிடறது? அதான் நேரமில்லைன்னேன்."

உள்ளே அடுப்பு ஆறும் ஓசை மட்டும் டிக், டிக் என்று கேட்டது.

"கட்டடம்தானேன்னு சொன்னேன்ல உன்கிட்ட," என்றான் டாரியோ.

"ஆமா."

"அன்னைக்கு நானும் மேலதான் பார்த்தேன்."

"தெரியும். குடை இருந்தும் மூஞ்சி நனைஞ்சிருந்துச்சு."

"அண்ணன் செத்துட்டான். அவனுக்கு அழணும். அதுல போய்க் கட்டடத்துக்கும் அழுதா... அவனுக்குச் சேர வேண்டியதை எடுத்து வேற யாருக்கோ குடுக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டுக்கும் கஷ்டமா இருக்கு."

அவன் உள்ளே போனான். திரும்பி வரமாட்டான் என்று நினைக்கும் அளவுக்கு நேரம் ஆயிற்று. மாவின் மேல் போர்த்தும் துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தான். அவளிடம் கொடுக்கவில்லை. தானே சுவரில் வைத்து, கைக்கு எட்டும் உயரத்தில், மெதுவாக ஒரு வட்டம் துடைத்தான்.

நீலம் வழிந்தது. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு வெயில் கோடு. பிறகு ஜன்னல் வரிகள். நடுவில் காசளவு வெள்ளை.

அகாதா எழுந்தார். யாரையும் பார்க்காமல் சுவருக்கு அருகில் போனார். கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார்.

"வந்துட்டேன்டா," என்றார். "சித்திக்கு முட்டி பரவாயில்ல."

பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அடுப்பைப் பார்க்க உள்ளே போனார்.

இருவரும் ஆளுக்கொரு துணியாகத் துடைத்தார்கள். அவன் தொப்பி போட்டவனை, அவள் மொட்டைத்தலையனை. நீலத் தண்ணீர் முழங்கை வரை ஓடியது.

"இவலீஸ்."

"ம்..."

"இனிமே கனால் தெரு ஸ்டேஷன்ல ஏறி வந்தா மேல பார்க்க மாட்டேன்."

"வேற எங்க பார்ப்பே?" 'நீ' அவள் வாயிலும் வந்துவிட்டது.

"பக்கத்துல. நீ இருக்கியான்னு." அவன் காதுகள் சிவந்தன. "நீ இருக்கணும். அதான் சொல்ல வந்தேன். எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"நான் அவ்வளவு உயரம் இல்லையே. வழி தெரியுமா?"

"குனிஞ்சு பார்த்துக்கறேன்."

"நான் எப்பவும் தப்பான பக்கம்தான் காட்டுவேன்."

"தெரியும். சோஹோ வரைக்கும் போயிருக்கேன்ல."

அவள் நீலக் கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய்!" உள்ளேயிருந்து அகாதாவின் குரல் வந்தது. "கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படிடா? மேல தொப்பி இன்னும் வானத்துக்குள்ளயே இருக்கு பாரு. ஏணியைப் போடு. அந்தப் பொண்ணு ஏறட்டும், நீ பிடிச்சுக்கோ!"