நகர மறந்த சின்ன இலக்கங்கள்!

"ஐயோ... சேர்!"

உதவியாளர் அருந்ததியின் அலறலில் மானிப்பாய்ச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நில அளவையாளர் அருளம்பலம் தன் கந்தோரில், அலுவலகக் கம்ப்யூட்டர் மேசையில் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில், படத்தாள் பறக்காமல் வைக்கிற ஈயக்கட்டி.

கைக்கு அடியில் ஒரு காணிப்படம். அதன் குறுக்கே சிவப்புப் பென்சிலில் ஒரே ஒரு சொல்...

'கள்ளப்படம்!'

மரண விசாரணை அதிகாரி இராசநாயகம் வெற்றிலையை மென்றபடி வந்து சேர்ந்தார். கூடவே கிராம அதிகாரியான ஊர் விதானையார்.

"எந்தக் காணி உது?"

"இளவாலைக் காணி ஐயா," என்றான் லியோன். அளவைக்குச் சங்கிலி பிடிக்கிறவன். "வேலியைத் தள்ளிக் கீறிக் கிடக்கு. காணிக்காரி மக்டலீன் அக்காவின்ரை கிணறு இப்ப பக்கத்து வளவுக்கை!"

"உந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியிலை படம் கீறுறது ஆர்?"

"நான்தான் ஐயா..." அருந்ததி ஓரடி முன்னால் வந்தாள்.

"வேறை?"

"ஒருத்தரும் இல்லை!" முந்திக்கொண்டான் லியோன். "எனக்கு உதைத் தொடவே தெரியாது. சங்கிலி பிடிக்கத்தான் தெரியும்."

இராசநாயகம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப கள்ளப்படம் கீறினது நீர். சேர் பிடிச்சிட்டார். நீர் அடிச்சுப்போட்டீர். என்ன பிள்ளை, சரிதானே?"

"சத்தியமா இல்லை ஐயா!"

மறியல்! சிறைக்கம்பி! கொலைகாரி! அழுதுகொண்டே படத்தைப் பார்த்தாள்.

அட... இதென்ன?

எல்லைக்கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில 'பி' எழுத்து. அதன் காலடியில் சின்னதாக ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம். படம் கீறுகிற மென்பொருளில் காலடி இலக்கம் போட வழி கிடையாது. அருந்ததிதான் எழுத்தைத் தனியாக அடித்து, இலக்கத்தைப் பாதி உயரத்தில் வேறாக அடித்து, கீழே இறக்கி வைப்பாள். பார்க்க ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு!

இந்தப் படத்தில் வேலியும் எழுத்துகளும் புது இடத்தில். இலக்கங்கள் மட்டும் பழைய வேலியில், எறும்புபோல!

எழுத்தை இழுத்தவன் இலக்கத்தை விட்டுவிட்டான். அவள் என்றால் விடுவாளா?

பக்கத்து வளவு... லியோனுக்குச் சீதனமாக வரப்போகிற வளவு. கிணறில்லாத வளவு! ஆனால் சொன்னால் நம்புவார்களா? கம்ப்யூட்டர் தெரியாது என்று சாதித்துவிடுவானே!

கண்ணைத் துடைத்தாள். அவன் வாயாலேயே வரட்டும்!

"ஐயா, இந்தப் படத்தை ஒருத்தரும் மாத்தேல்லை!"

"என்ன?"

"எழுத்தை நகர்த்தினா காலடி இலக்கமும் ஒட்டிக்கொண்டு தானாப் போகும். இதிலை இலக்கம் பழைய இடத்திலையே கிடக்கு. அப்ப ஒருத்தரும் கை வைக்கேல்லை. சேர்தான் முதலே பிழையாக் கீறுவிச்சுப்போட்டு, பிறகு அதைக் கண்டு எழுதியிருக்கிறார்."

"ஓம், உதிலை நியாயம் இருக்கு..." இராசநாயகம் தலையாட்டினார்.

லியோனுக்குப் பொறுக்கவில்லை. இரை தப்பப்போகிறதே!

"பொய்! உவள் புளுகுறாள் ஐயா! ஒட்டிக்கொண்டு போகாது! எழுத்து மட்டும்தான் போகும்... இலக்கத்தைப் பிறிம்பா, தனியா இழுக்கோணும்!"



இராசநாயகம் எழுந்துபோய் யன்னலால் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தம்பி... தொடவே தெரியாதவருக்கு உது எப்பிடித் தெரியும்?"

லியோன் பாய்ந்தான்! வாசலில் தான் சுருட்டி வைத்த அளவைச் சங்கிலியே அவன் காலை வாரியது. விதானையார் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தார்.

"இவள் மத்தியானம் சாப்பிடப் போகேக்கை கம்ப்யூட்டர் பழகினனான்... விடிய சேர் பிடிச்சிட்டார்... அடிச்சுப்போட்டன்..." விம்மினான். "சின்ன இலக்கந்தானே, ஆர் பாக்கப்போகினம் எண்டு விட்டிட்டன்!"

அருந்ததிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

இராசநாயகம் புது வெற்றிலையை மடித்தார்.

"கவலைப்படாதையும் தம்பி. மறியலிலை உமக்கும் ஒரு இலக்கம் குடுப்பினம்... அது நீர் எங்கை நகர்ந்தாலும் ஒட்டிக்கொண்டே வரும்!"