யானையின் கண்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி. ஒரு கதை வைத்திருக்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தப்பே இல்லை.

காலை பத்து மணி.

விளக்கு அறையில் இரத்தம் இன்னும் காயவில்லை!

பழைய நாடக விளக்குகள், சினிமா விளக்குகள்... நூற்றுக்கு மேல். முப்பது வருடமாக ஒரு மனிதர் தேடித் தேடிச் சேர்த்தவை. அவற்றில் ஆகப் பெரியது ஒரு நாற்பது கிலோ ஸ்பாட் லைட். அவர் வைத்த செல்லப் பெயர், யானை.

அந்த யானைதான் ஒன்பது மணிக்கு உத்தரத்திலிருந்து அவர் மேலேயே விழுந்திருந்தது.

உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில்... நினைவில்லாமல்.

அவருடைய மனைவி சுவரோடு சுவராக நின்றாள். எதிரே இன்ஸ்பெக்டர்.

"தானா விழல. யாரோ ஸ்பேனர் போட்டு நட்டைக் கழட்டியிருக்காங்க. கயித்துல நிறுத்தி வெச்சு, அவர் கீழே வந்து நின்னதும் விட்டிருக்காங்க. வீட்டுல இருந்தது நீங்க மட்டும்தான்."

"நான் மொட்டை மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தேன் சார்."

"யாராவது பார்த்தாங்களா?"

"துணி காயப் போடுறதை யாரு சார் வேடிக்கை பார்ப்பாங்க?"

"இந்தக் குப்பையை எல்லாம் ஒருநாள் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்னு நீங்க கத்துறது தெருவுக்கே கேக்குமாமே?"

உண்மைதான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது கத்துவாள்.

வாசற்படியில் நின்றவர் மூக்கை உறிஞ்சினார். கணவரின் கூட்டாளி. அவரும் விளக்குப் பைத்தியம். செய்தி கேட்டு அப்போதுதான் வந்தவர் போல, அறைக்குள் கால் வைக்காமல் நின்றார்.

"வாய்தான் சார் அப்படி, மனசு தங்கம். பத்து நாளா நான் இந்தப் பக்கமே வரல. வந்திருந்தா இப்படி ஆக விட்டிருப்பேனா?"

இன்ஸ்பெக்டர் பெண் போலீஸுக்குக் கண் காட்டினார்.

"கிளம்புங்கம்மா. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அவள் நகரவில்லை. கணவர் கண் திறக்கும்போது தான் பக்கத்தில் இல்லாவிட்டால்? 'உன் பெண்டாட்டிதான் தள்ளினாள்' என்று யாராவது காதில் ஓதிவிட்டால்?

"ஒரு நிமிஷம் சார். அண்ணன்கிட்ட இதை மட்டும் குடுத்துடுறேன்."

அலமாரியில் துணி சுற்றிய மூட்டைகள் இருபதுக்கு மேல். பல்பு, கம்பி, கண்ணாடி, என்னென்னவோ. அவள் பச்சைத் துண்டு சுற்றியதை எடுத்தாள். வட்டமாக, கனமாக இருந்தது.

வாசற்படியில் நின்ற கூட்டாளியை நோக்கி நடந்தாள்... கால் இடறியது...

மூட்டை கை நழுவியது!

"ஐயோ, யானை லென்ஸு!"

அறுபது வயதுக் கூட்டாளி பாய்ந்தார். நெஞ்சு தரையில் தேய, இரண்டு கையாலும் பிடித்துவிட்டார்.



"அண்ணே," என்றாள் அவள் மெதுவாக. "துண்டுக்குள்ள யானை லென்ஸ் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"அது... எப்பவும் அவன்..."

"காலையில எட்டு மணிக்கு அது விளக்குலதான் இருந்துச்சு. துடைச்சுக் காட்டிப் பெருமை அடிச்சார். இப்பப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். யானையின் முகத்தில் வெறும் ஓட்டை. தரையிலோ ஒரு சில்லுக் கண்ணாடிகூட இல்லை!

"விளக்கை விடுறதுக்கு முன்னாடியே லென்ஸைக் கழட்டி, துண்டுல சுத்தி, பத்திரமா வெச்சுட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்காங்க. என் புருஷன் மண்டை உடையலாம், லென்ஸ் உடையக் கூடாது. நானா இருந்தா கண்ணாடியோடதான சார் தள்ளியிருப்பேன்? பத்து நாளா வராத அண்ணனுக்கு இந்த மூட்டை எப்படித் தெரிஞ்சுது?"

கூட்டாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூட்டையை மட்டும் விடவில்லை.

"எழுபது வருஷத்துக் கண்ணாடிம்மா. இனிமே இப்படி ஒண்ணு வார்க்க ஆள் கிடையாது. கேட்டுக் கேட்டுப் பார்த்தேன், அவன் தரல. அவன் போயிட்டா நீ எல்லாத்தையும் இரும்புக்குத்தான போடுவ... நான் அப்புறமா வந்து எடுத்துட்டுப் போய்க் காப்பாத்தலாம்னு..."

"நல்லாக் காப்பாத்தினீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது.

அதே நேரம் போன் அலறியது!

ஆஸ்பத்திரி. நினைவு திரும்பிவிட்டது. தலையில் பதினாறு தையல். பிழைத்துக்கொள்வார்.

அவள் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இன்ஸ்பெக்டர் துண்டைப் பிரித்தார்... திகைத்தார்.

உள்ளே, கனத்த வாணலி மூடி!

"லென்ஸ் எங்கம்மா?"

"விளக்குல லென்ஸைக் காணோம்னு தேடினப்ப துண்டுக்குள்ள கிடைச்சுது, நீங்க வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டேன் சார். பீரோவுல போர்வைக்கு நடுவுல இருக்கு. ஓரத்தை மட்டும் பிடிச்சுத்தான் எடுத்தேன், அண்ணன் கைரேகை கலையல."

"குப்பைன்னு சொன்னீங்களே. அந்தக் குப்பையையே கீழே போட்டுப் பார்த்திருக்கலாமே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை முறைத்தாள்.

"என்ன சார் பேசுறீங்க? மண்டைன்னா தையல் போட்டுக்கலாம். லென்ஸுக்குப் போட முடியுமா?"

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு விளக்கெல்லாம் நின்று எரியட்டும். அதற்குக் கீழே நடமாடுகிற தலைகள் எல்லாம் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.