காலி வண்டியின் எடை

ஆபேல் அந்தப் பிக்கப் வண்டியை முடிச்சூர் சாலையிலிருந்த சிட்டிபாபுவின் ஷெட்டுக்குள் முதன்முதலாக ஓட்டிவந்தபோது காலை பதினொரு மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. பேய் பிசாசு நினைப்பெல்லாம் வருகிற நேரமே இல்லை அது. பழைய வண்டி வாங்கியவன் என்ன நினைப்பான்? கிளட்ச் எத்தனை நாள் தாங்கும், இன்ஜின் ஆயில் குடிக்குமா என்றுதான் நினைப்பான். ஆபேல் அதைக்கூட நினைக்கவில்லை. அவன் மனைவி கெசியா போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்கு மனசு மரத்துப்போய்க் கிடந்தது. தட்டை வைத்தால் சாப்பிட்டான், கூப்பிட்டால் திரும்பினான், அவ்வளவுதான்.

கெசியா சேலையூரில் ஒரு பள்ளியில் டீச்சர். மஞ்சள் காமாலை முற்றி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுக்காக அலைந்ததில் ஆபேலின் ஆபீஸ் வேலையும் போயிற்று. கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில், பத்து வயது மகளை வைத்துக்கொண்டு ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, கோவிலம்பாக்கத்தில் ஒருவரிடம் இந்த வண்டியை வாங்கினான். விற்றவர் எலும்பும் தோலுமாக இருந்தார். பேரமே பேசவில்லை, சாவியைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

சிட்டிபாபு வண்டிக்கடியில் அரை மணி நேரம் படுத்திருந்துவிட்டு வெளியே வந்தான்.

"யாராண்ட சார் வாங்குனே இத்த? கிளட்ச் செட்டு பூரா போச்சு, ஒம்பதாயிரம். இன்ஜெக்டர் நாலும் கழட்டி சர்வீஸ் பண்ணணும், அது ஒரு பன்னெண்டு. செல்ப் மோட்டாரு மூணரை. அதெல்லாம் பழைய வண்டின்னா வர்றதுதான், உடு. ஆனா இது இன்னான்னே புரியல."

முன்பக்கம் இடது சக்கரத்துக்கு மேலிருந்த ஸ்பிரிங் பட்டையைக் காட்டினான். அது நசுங்கி, வளைவே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது.

"டிரைவர் குந்துறது ரைட்டு சைடு. படுத்தா ரைட்டுதான சார் படுக்கணும்? இதுல லெப்ட்டு படுத்துகினு கீது. வருசக்கணக்கா அந்தாண்ட யாரையோ குந்தவெச்சு ஓட்டிகினு இருந்தாப்ல."

வண்டியின் நெற்றியில், கண்ணாடிக்கு மேலே, பூக்கொடிக்கு நடுவில் 'சரோஜினி' என்று எழுதியிருந்தது. விற்றவரின் மனைவியாம், இறந்துவிட்டாளாம். அந்தப் பெயரை அழித்துவிட்டு வெறுமனே விட்டுவிடுங்கள், வேறு பெயர் எழுதாதீர்கள் என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். சிட்டிபாபுவுக்கும் அதே அபிப்பிராயம். ஆனால் ஊரில் ஓடுகிற வண்டிகளில் பாதிக்கு நெற்றியில் பெண்டாட்டி பேரோ பிள்ளை பேரோ இருக்கத்தானே செய்கிறது? ஆபேல் பெயின்டரைக் கூப்பிட்டு, பழைய பெயர் மேலேயே ஒரு கோட்டிங் அடித்து, 'கெசியா' என்று எழுதவைத்தான். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அழுகை வரும் என்று நினைத்தான், அதுவும் வரவில்லை.

தாம்பரம் பக்கத்துப் பட்டறைகளில் இரும்புக் கழிவை ஏற்றிப் படப்பையில் ஒரு யார்டில் இறக்குவது அவனுக்குக் கிடைத்த வேலை. இதில் ஒரு முறை உண்டு. முதலில் காலி வண்டியை எடைமேடையில் நிறுத்தி, டிரைவரை இறக்கிவிட்டு எடை பார்ப்பார்கள். பிறகு சரக்கோடு பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. எடைமேடையில் சுஜி என்ற பெண் கண்ணாடி ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டு மைக்கில் பேசுவாள்.

முதல் நாள் ஆபேல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓரமாக நின்றான்.

"அண்ணா," என்றது ஸ்பீக்கர். "உள்ள உக்காந்திருக்கவங்களையும் இறங்கச் சொல்லுங்க."

ஆபேல் திரும்பிப் பார்த்தான். வண்டியில் யாரும் இல்லை.

"கண்ணாடில வெயில் அடிக்குதுண்ணா. யாரோ இருக்கிற மாதிரி இருந்துச்சு," என்று அவளே சொல்லிவிட்டுச் சீட்டைக் கொடுத்தாள். 1,705 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது 1,655. ஸ்டெப்னி, டூல்ஸ், டீசல் எல்லாம் சேர்ந்திருக்கும் என்றாள் சுஜி. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆபேல் அந்த ஐம்பதையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் கெசியாவை எடை மெஷினில் ஏற்றி, 'ஐம்பது' என்று சத்தமாகச் சொல்லி எழுதிக்கொண்டது அவனுக்குக் காதிலேயே இருந்தது.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். நடுப்பகல். வண்டி உள்ளே இரும்புத் துருவின் வாடையோடு ஈரத்துணி வாடையும் அடித்தது. இடப்பக்க சீட்டைப் பார்க்காமலே மெல்லக் கேட்டான்.

"கெசியா?"

புதிதாகப் போட்ட பட்டை கிறீச்சென்றது.

சீட்டின் ரெக்ஸின், ஒருவர் ஒருக்களித்துத் திரும்பி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி, மெதுவாக அமுங்கியது.

பயந்திருக்க வேண்டும். வேறு எவனாக இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருப்பான். ஆபேலுக்கோ எட்டு மாதத்தில் முதன்முறையாகச் சுகமாக இருந்தது.

"இரு," என்றான். "எங்கேயும் போகாதே."

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஓடியது. புதுப் பட்டை ஐந்தே வாரத்தில் படுத்துவிட்டது. மறுபடி ஆறாயிரம். அதுவும் படுத்தது. சிட்டிபாபு வாய்விட்டே கத்தினான். "இன்னா சார் பேஜாரா கீது! காலி வண்டிக்கே பட்டை படுக்குதுன்னா நான் இன்னாதான் பண்றது?" ஆபேல் பணத்தை எடுத்து நீட்டினான். ஆபேலின் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டிவந்தது. சர்ச்சில் பார்த்தவர்கள் எல்லாம், பாவம், துக்கத்தில் கரைகிறார் என்றார்கள்.

யார்டில் கேள்வி வந்தது. காலி எடை ஏன் சீட்டுக்குச் சீட்டு ஏறுகிறது, ஏமாற்றுகிறாயா என்றார்கள். சுஜி அவனுக்காகப் பழைய சீட்டுகளையெல்லாம் எடுத்து வரிசையாக மேஜையில் பரப்பினாள். நல்ல பெண். ஆனால் அன்று அவள் முகம் சரியாக இல்லை.

"அண்ணா, மழை நாள்ல உங்களை இறக்காம எடை போட்டிருக்கேன் பாருங்க. நீங்க உள்ள இருந்தா எப்பவும் 1,775. ஜூலையிலயும் அதே, செப்டம்பர்லயும் அதே. டீசல் ஏறினாலும் இறங்கினாலும் அதே. ஆனா நீங்க இறங்கிட்டா முதல்ல 1,705, அப்புறம் 1,715, இப்ப 1,725."

ஆபேல் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஜூலையில் அவன் எழுபது கிலோ. இப்போது ஐம்பது. அவனிடம் குறைந்த இருபதும் இடப்பக்க சீட்டில் ஏறியிருந்தது.

அவன் தலையை மட்டும் ஆட்டினான். எடுத்துக்கொள்ளட்டுமே என்று நினைத்தான். அவளுக்கில்லாத எது அவனுக்கு?

"ஆனா இன்னைக்குக் காலையில," சுஜி ஒரு புதுச் சீட்டை நகர்த்தினாள். "உங்களோட சேர்த்து 1,780. இந்த அஞ்சு கிலோ எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியலண்ணா."

அவனுக்கும் புரியவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போனபோது புரிந்தது.

கெசியாவின் தங்கை டெபோரா வந்திருந்தாள். மகள் எப்சியின் பள்ளி ஹெல்த் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், உங்களை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா புள்ளையைப் பாருங்க. ஜூன்ல முப்பது கிலோ. இப்ப இருபத்தஞ்சு. வளர்ற புள்ளைக்கு எடை குறையுமா? சாப்பிடுறாளா இல்லையான்னாவது பார்க்குறீங்களா?"

தினமும் காலையில் எப்சியை அந்த வண்டியில்தான் பள்ளியில் விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் காலியாக விட்ட இடப்பக்க சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வருவாள். சொன்னால் சொன்னபடி நடுவிலேயே உட்கார்ந்து வருகிற பிள்ளை.

டெபோரா சமையலறைக்குப் போனதும் எப்சி அருகில் வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இதைக்கூட அவன் பார்க்கவில்லையே, என்ன அப்பன் அவன்!

"டாடி," கிசுகிசுத்தாள். "அது மம்மி இல்ல."

"யாரு சொன்னா?"

"அது என் காதுகிட்ட வந்து கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"உன் பேரு என்னன்னு."

ஆபேல் அவள் தோளைப் பிடித்தான்.

"மம்மிக்கு என் பேரு தெரியாதா டாடி?"

"நீ சொன்னியா?"

"சொல்லல. டெய்லி கேக்குது. நான் சொல்லவே இல்ல."

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனுக்குப் பயம் வந்தது. அவன் எப்போதும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். வண்டிக்குள் ஒருநாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டோமா என்று யோசித்துப் பார்த்தான். இல்லை. கர்த்தரே, இல்லை.

மறுநாள் பிள்ளையை டெபோராவோடு மேடவாக்கத்துக்கு அனுப்பிவிட்டு, வண்டியை சிட்டிபாபுவிடம் கொண்டுபோனான். உடைக்கிற விலைக்கு எடுத்துக்கொள், பெயரை மட்டும் முதலில் சுரண்டு என்றான்.

சிட்டிபாபு தின்னர் ஊற்றிப் பிளேடால் சுரண்டினான். கெசியா போனது. அடியில் சரோஜினி வந்தது. அதையும் சுரண்டினான். அதற்குக் கீழே நீலப் பெயின்டில் ஹேமாவதி. அதற்கும் கீழே ஏதோ ஒரு பெயர், படிக்க முடியவில்லை. சிட்டிபாபு பிளேடைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏன் சார், வாங்குனவன் அத்தினி பேரும் செத்த பொண்டாட்டி பேரத்தான் எழுதினு இருந்தானா?"

ஆபேலுக்குப் புரிந்தது. ஒவ்வொருத்தனும் தன் மனைவியின் பெயரைச் சொல்லி இதைத்தான் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்ட பெயரையெல்லாம் இது வைத்துக்கொண்டிருக்கிறது.

தகரம் தெரிகிறவரை அவனே பிளேடை எடுத்துச் சுரண்டினான்.

உடைக்கிற யார்டும் படப்பையில்தான் இருந்தது. கடைசியாக அதே எடைமேடையில் ஏற்றினார்கள். ஆபேலும் சிட்டிபாபுவும் இறங்கித் தள்ளி நின்றார்கள். சிவப்பு எழுத்தில் எண்கள் ஓடி நின்றன.

1,655.

"ஆர்.சி.யில இருக்கிறது அப்படியே வந்துடுச்சுண்ணா!" மைக்கில் சுஜியின் குரலே மலர்ந்திருந்தது.

சிட்டிபாபு சிலுவை போடாத குறையாகக் கும்பிட்டுவிட்டு, வண்டியை யார்டு பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். இடது பக்கம் கொஞ்சம்கூடச் சாயாமல் வண்டி நேராகப் போயிற்று. இனி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஆபேல் நினைத்தான். வரும்போது அவளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்றும் நினைத்தான். சீட்டை வாங்குவதற்காக மேடையின் குறுக்கே நடந்தான்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"அண்ணா, ரெண்டு பேரா ஏறாதீங்க. ஒருத்தர் இறங்குங்க."

ஆபேல் நின்றான்.

நிமிர்ந்து போர்டைப் பார்த்தான். 125.

கண்ணாடி ரூமுக்குள் சுஜி எழுந்து நின்றாள். அவனைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அவன் மேடையிலிருந்து இறங்கினான். போர்டில் பூஜ்யம் விழுந்தது.

கூடவே இறங்கியிருந்தது.

சீட்டை வாங்காமலே ரோட்டுக்கு வந்தான். வண்டியின் நெற்றியில் எழுதியதை அழிக்கலாம். இரு, போகாதே என்று வாயால் சொன்னதை எதை வைத்துச் சுரண்டுவது? டெபோராவுக்குப் போன் போட்டான். பிள்ளை உங்களிடமே இருக்கட்டும், பள்ளிக்கூடம் அங்கேயே மாற்றிவிடுங்கள், நான் மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்றான். டெபோரா திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.

"டாடி, எப்ப வருவீங்க?"

"அப்பாவுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு பாப்பா."

"நாளைக்கா?"

"உடம்பு தேறினதும் வரேன். நீ நல்லா சாப்பிடு. சித்தி சொல்றதைக் கேளு."

"ஏன் டாடி எப்பவும் பாப்பா பாப்பான்னே கூப்பிடுறீங்க? ஒரு தடவை பேரு சொல்லிக் கூப்பிடுங்க."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான். எட்டு மாதமும் அதற்குமேல் மூன்று மாதமும் வராத கண்ணீர் இப்போது வழிந்தது. அவன் போனை அணைத்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணீரும் நின்றுவிட்டது.

தாம்பரம் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. எதிர்ப்பக்கம் வாலாஜாபாத் போகிற பஸ் வந்ததும் அதில் ஏறினான். ஆலை ஷிப்ட் விட்ட நேரம், கூட்டம் நெரிந்தது. எப்படியோ ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. கைப்பையும் கூடையுமாக வந்த ஒரு வயதான அம்மா அங்கே உட்காரக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்து, "உக்காருங்க, பரவாயில்ல," என்று அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆபேல் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.